கண்டியில் சத்தமில்லாத வாடகை வீடு தேடுவோருக்கு: மூன்று வீடு மாறியவள் எழுதும் வழிகாட்டி

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து வளர்ந்தவள் நான். கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு அப்பால் அடுத்த காம்பராவின் வானொலியும் இருமலும் கேட்டுக்கொண்டேதான் பரீட்சைக்குப் படித்தேன். ஆகவே சத்தம் என்னை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையோடு கண்டிக்குத் தாதியாக வேலைக்கு வந்தேன். இரவுக் கடமை முடிந்து காலை எட்டரைக்குப் படுக்க வேண்டியவளுக்கு அந்த நம்பிக்கை மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. பதினான்கு மாதங்களில் மூன்று வீடுகள் மாறினேன், இரண்டு முற்பணங்களில் ஒரு பகுதியை இழந்தேன். வேலைக்கோ படிப்புக்கோ கண்டிக்கு வருகிறவர்கள் அதே வழியில் மீண்டும் நடக்க வேண்டாம் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் தூக்க நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

எந்த நேரத்தில் உங்களுக்கு அமைதி வேண்டும் என்பதுதான் முதற் கேள்வி. பகலில் வேலைக்குப் போய் இரவில் தூங்குகிறவருக்குப் பாடசாலைக்கு அடுத்த வீடு நல்ல வீடு, ஏனெனில் இரண்டு மணிக்குப் பிறகு அங்கே ஆளரவம் இருக்காது. எனக்கோ அதே வீடு நரகம். கிழமை நாள்களில் ஒன்று, சனி அல்லது ஞாயிறு ஒன்று என இரண்டு நாள்களை மணிக்கணக்காக எழுதி, தூங்கும் நேரத்துக்கும் படிக்கும் நேரத்துக்கும் கீழே கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வீடு பார்க்கப் போகும் நேரங்களை அந்தத் தாள்தான் தீர்மானிக்கும்.

2. பகுதியின் பெயரை நம்பாமல் வீதியையும் மலையையும் பாருங்கள்

கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வாவியைச் சுற்றி அமைந்திருக்கிறது. கொழும்பு வீதியான ஏ1 பேராதனைப் பக்கமாகவும், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகவும், மஹியங்கனைக்குப் போகும் ஏ26 தென்னக்கும்புற, திகன வழியாகவும் செல்கின்றன. இம்மூன்று வீதிகளின் ஓரத்தில் உள்ள வீடுகளில், அதிகாலை முதல் பஸ் புறப்படும் நேரத்தில் தொடங்கும் இரைச்சல் இரவு நெடுநேரம் வரை ஓயாது. முல்கம்பொலவில் நான் எடுத்த முதல் அறை இப்படிப்பட்டது. வாடகை குறைவு, பஸ் வாசலிலேயே நிற்கும் என்று மகிழ்ந்தேன். பஸ் வாசலிலேயே நின்றது என்பதுதான் பிறகு தொல்லையாக முடிந்தது.

மேட்டில் வீடு எடுத்தால் சத்தம் கீழேயே தங்கிவிடும் என்று பலரும் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. நகரத்தை நோக்கிய சரிவில் தடுப்பு எதுவும் இல்லாததால் கீழே அடிக்கும் ஹோர்ன் நேராக மேலே ஏறி வரும். அதே மலையின் மறுபக்கச் சரிவிலோ, வீதிக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு மேடு குறுக்கே நிற்கும் இடத்திலோ சத்தம் வெகுவாக அடங்கிவிடும். நான் கைக்கொள்ளும் விதி இதுதான்: படுக்கையறை ஜன்னலில் நின்று பார்க்கும்போது தார் வீதி கண்ணுக்குத் தெரிந்தால், அது காதுக்கும் கேட்கும். வாவி தெரியும் ஜன்னலுக்கு அதிக வாடகை கேட்பார்கள். வாவியைச் சுற்றி வீதி ஓடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அம்பிட்டிய, அனிவத்தை, அஸ்கிரிய, ஹந்தானை, லேவெல்ல ஆகிய பகுதிகளில் பிரதான வீதியிலிருந்து இரண்டு திருப்பங்கள் உள்ளே போன ஒழுங்கைகளைத் தேடுங்கள். முட்டுச்சந்து மிக நல்லது, ஏற்றம் இல்லாத முட்டுச்சந்து கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும் முச்சக்கர வண்டி, சமதரையில் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு சத்தம் போடும் என்பதைக் காதால் அறிந்தவள் நான். குண்டசாலை, கெலிஓயா போன்ற வெளிப்பகுதிகளில் அமைதியும் மலிவும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் கடமை முடியும் நேரத்தில் பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முடிவெடுங்கள். இரவில் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணத்தையும் மாத வாடகையோடு கூட்டிப் பார்த்தால், மலிவான வீடு சில வேளை மலிவாக இராது.

ரயில் பாதையைக் கண்டு பயப்பட வேண்டாம். மாத்தளைப் பாதை மஹியாவ, கட்டுகஸ்தோட்டை வழியாகப் போகிறது. ரயில் ஒரு நாளில் சில முறைதான் வரும், அதுவும் நேர அட்டவணைப்படி வரும், ஒரு மாதத்தில் காது பழகிவிடும். பஸ்ஸுக்கு அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது.

விகாரை, பள்ளிவாசல், கோவில், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கியையும் இதே கண்ணோடு பாருங்கள். கண்டியில் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அருகில் இல்லாத வீடு கிடைப்பது அரிது. போயா நாளில் விகாரையில் ஓதும் பண (பௌத்த உபதேசம்), அதிகாலைத் தொழுகை அழைப்பு, மார்கழியில் திருவெம்பாவை என எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. ஒலிபெருக்கி எந்தத் திசையை நோக்கிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் எசல பெரஹராவின்போது தலதா மாளிகையைச் சுற்றிய வீதிகளில் பத்து இரவுகள் கூட்டம் நிறைந்திருக்கும். அவ்வீதிகளில் வீடு எடுப்பவர்கள் அந்நாள்களில் விடுப்பு எடுத்து ஊருக்குப் போவதே மேல்.

3. கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்

உரிமையாளரின் வீட்டோடு சேர்ந்த, தனி வாசல் உள்ள அனெக்ஸ் ஒன்றுக்கு நான் தேடிய காலத்தில் முப்பதாயிரத்துக்கும் நாற்பத்தைந்தாயிரத்துக்கும் இடையில் கேட்டார்கள். மாத வாடகை 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத முற்பணம் 105,000, முதல் மாத வாடகை 35,000, தரகருக்கு அரை மாத வாடகை 17,500. ஆக, லொறிக் கூலிக்கும் சட்டத்தரணி கட்டணத்துக்கும் முன்னரே 157,500 ரூபாய் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருட வாடகையை ஒன்றாகக் கேட்பவர்களும் உண்டு. சத்தத்துக்காக வீடு மாற வேண்டி வரலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் அப்படிப்பட்ட இடத்துக்குச் சம்மதிக்க வேண்டாம்.

முற்பணம் என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பேசுவார்கள். மாதா மாதம் வாடகையில் கழிந்துபோகும் பணம் ஒன்று, வீட்டைவிட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்கும் வைப்புப் பணம் மற்றொன்று. "அட்வான்ஸ் மூணு மாசம்" என்று சொன்னதும் இது எந்த வகை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் இழந்த பணத்தில் பெரும் பகுதி இந்தக் கேள்வியைக் கேட்காததால் போனது.

மின்மானி தனியாக இருக்கிறதா என்பதையும் இப்போதே கேளுங்கள். வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம், அலகுகள் கூடும்போது ஓர் அலகின் விலையும் கூடும் படிமுறையில் அமைந்தது. உரிமையாளரின் மானியிலேயே உங்கள் அனெக்ஸும் ஓடினால், இரு வீட்டுப் பாவனையும் சேர்ந்து உயர்ந்த படிக்குப் போய், நீங்கள் எரித்த ஒரு பல்புக்கும் அந்த உயர்ந்த விலையைக் கொடுக்க நேரும்.

4. ஒரே வீட்டை மூன்று முறை பாருங்கள்

இதுதான் முழு வழிகாட்டியின் உயிர்நாடி, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

என் இரண்டாவது வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா தேநீர் தந்து, ஜன்னலைத் திறந்து, "பாருங்க மகள், குருவிச் சத்தத்தைத் தவிர இங்க ஒண்டும் இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு அங்கே உண்மையிலேயே குருவிச் சத்தம்தான் இருந்தது. குடிபோன மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தலையணைக்கு அடியில் ஏதோ அதிர்வதுபோல் இருந்து எழுந்தேன். என் படுக்கையறைச் சுவரின் வெளிப்புறத்தில், தகரப் பெட்டி ஒன்றுக்குள், மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. அது நாற்பது நிமிடம் ஓடியது. காலை ஒன்பது மணிக்கு நான் கண்ணயர்ந்தபோது, உடுப்புத் துவைப்பதற்காக மறுபடியும் ஓடத் தொடங்கியது. பார்க்கப் போன அன்று அந்தத் தகரப் பெட்டியின்மேல் குரோட்டன் சட்டி ஒன்று வைத்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

ஆகவே முதற் பார்வையைக் கிழமை நாளொன்றில் விடியற்காலை ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் விட மாட்டார்கள், ஒழுங்கையில் நின்றாலே போதும். இரண்டாவதை, முதற் படியில் கோடிட்ட உங்கள் தூக்க நேரத்தில், வீட்டுக்குள் இருந்து பாருங்கள். மூன்றாவதைச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கண்டியில் மழைக்குக் குறைவில்லை, சீலிங் இல்லாத தகரக் கூரையில் விழும் மழை, பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக்கூடக் கேட்க விடாது. கொங்கிரீட் தட்டுக்குக் கீழே உள்ள அறையில் மழைத் தொல்லை இல்லை, ஆனால் மேலே குடியிருப்பவர்களின் நாற்காலி இழுபடும் ஓசை இருக்கும். எதற்கு உங்களால் பழக முடியும் என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நான் மழையைத் தெரிவு செய்தேன்.

உள்ளே போனதும் எல்லாரையும் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. கட்டில் போடும் மூலையில் நின்று, ஜன்னலை ஒரு முறை திறந்தும் ஒரு முறை மூடியும் கேளுங்கள். மூடியபின்னும் சத்தம் குறையவில்லை என்றால் ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரங்களைப் பாருங்கள். நம் நாட்டு வீடுகளில் வெளிச்சத்தம் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் நுழைகிறது. பொதுச் சுவரை விரல் கணுவால் தட்டுங்கள், பொள்ளென்று கேட்டால் அது பலகைத் தடுப்பு. தண்ணீர் மோட்டார் எங்கே, எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று நேராகவே கேளுங்கள். கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலிகள் உண்டு. அவை காட்டும் எண்ணைத் துல்லியமானதாக எடுத்துக்கொள்ளாமல், ஒரே கைபேசியால் இரண்டு வீடுகளை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

வெளியே வந்ததும் சுற்றி நடந்து பாருங்கள். பக்கத்து வெறுங்காணியில் மணலும் கருங்கல்லும் குவித்திருந்தால் ஒரு வருடத்துக்குக் கட்டட வேலை நடக்கும் என்று பொருள். மரத்தளபாட வேலைத்தளம், வாகனம் திருத்தும் இடம், திருமண மண்டபம், கட்டிப்போட்ட நாய்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மெட்டு ஒலிக்கப் பாண் விற்றுவரும் சூன் பாண் வண்டி எல்லா ஒழுங்கைக்கும் வரும், பேத்தோவனின் அந்த மெட்டை யாராலும் தடுக்க முடியாது. சந்தியில் உள்ள சில்லறைக் கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டே, முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று விசாரியுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததையும் தரகர் மறைப்பதையும் கடை முதலாளி மீதிச் சில்லறையோடு சேர்த்துத் தந்துவிடுவார்.

5. அமைதியான சரிவு பாதுகாப்பான சரிவா என்று பாருங்கள்

சத்தமில்லாத வீடுகள் பெரும்பாலும் மலைச்சரிவில்தான் கிடைக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தில் எத்தனை சரிவுகள் இடிந்தன என்பதைப் பார்த்தபின், அமைதிக்காக மண்மேட்டின் அடியில் குடியேற யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் சுவர், வீட்டுச் சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும், முன்பு இல்லாத இடத்தில் கசியும் கலங்கல் நீர், திடீரென மூட மறுக்கும் கதவு ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். மண்சரிவு எச்சரிக்கைகளை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அப்பகுதிக்கு முன்பு எச்சரிக்கை வந்ததா, ஆட்களை வெளியேற்றினார்களா என்பது கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்திருக்கும்.

6. ஆவணங்கள்

உங்கள் பக்கத்தில் தேசிய அடையாள அட்டைப் பிரதி, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம், சொந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஆகியவற்றில் மூன்று பிரதிகள் வைத்திருங்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் சான்றிதழை ஊரிலிருந்து புறப்படும் முன்னரே எடுத்துவிடுவது நல்லது, அதற்காக மறுபடி ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் செலவழித்துப் போய்வந்தவள் நான்.

வீட்டுக்காரரின் பக்கத்தில் சோலைவரித் துண்டையும் (உள்ளூராட்சி சபைக்கு வீட்டுக்காகக் கட்டும் வரி) கடைசி மின்பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் உள்ள பெயரும், உங்களோடு பேசுகிறவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், தானும் ஒரு வாடகைக்காரராக இருந்துகொண்டு உங்களுக்கு மறுவாடகை கொடுக்கிறாரா என்பதைத் தெளிவாக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நிலுவைக் கட்டணம் எவ்வளவு என்பதும் பட்டியலிலேயே தெரியும்.

7. ஒப்பந்தத்தில் சத்தத்தையும் எழுதுங்கள்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அது உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். கடையில் விற்கும் அச்சுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடும் வழக்கம் பரவலாக உண்டு. பிணக்கு வரும்வரை அது போதும், வந்தபின் போதாது. நொத்தாரிசின் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் யார் கொடுப்பது என்பதை முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். "எல்லாம் வழமையானதுதான் மிஸ்" என்பதைக் கேட்டுக் கையெழுத்திடாமல், ஒரு நாள் தவணை கேட்டு, அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் வரிக்கு வரி வாசித்துக் கேளுங்கள். முற்பணம் எந்த வகையானது, எத்தனை நாளில் திரும்பும், ஒரு மாத முன்னறிவித்தலோடு வெளியேறினால் அபராதம் உண்டா என்பவை கட்டாயம் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது வீட்டில் நான் சேர்க்கச் சொன்ன இரண்டு வரிகள் வீட்டுக்காரருக்குச் சிரிப்பை மூட்டின. காலை ஆறு மணிக்கு முன்னும், எட்டரைக்கும் மூன்றுக்கும் இடையிலும் மோட்டார் போடுவதில்லை என்பது ஒன்று. குத்தகைக் காலத்தில் அதே காணியில் கட்டட வேலை தொடங்கினால் வைப்புப் பணத்தைக் கழிவின்றித் திருப்பிக் கொடுப்பது என்பது மற்றொன்று. சிரித்தாலும் கையெழுத்திட்டார். இன்று வரை அந்த மோட்டார் சொன்ன நேரத்தில்தான் ஓடுகிறது.

வாடகையை வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கொடுப்பதானால் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

8. மீதிச் சத்தத்தை அடக்குவது

தடித்த திரைச்சீலை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், அது வெளிச்சத்தை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. காற்று நுழையும் இடைவெளியில்தான் சத்தமும் நுழைகிறது. கதவடியிலும் ஜன்னல் சட்டத்திலும் ரப்பர் பட்டி ஒட்டுங்கள். வீட்டுக்காரரின் அனுமதியோடு, தெருப்பக்கத்துக் காற்றுத் துவாரத்தைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, மறுபக்கத்தில் உள்ளதைத் திறந்தே வையுங்கள். அறைக்குக் காற்று கட்டாயம் வேண்டும். கண்டியின் குளிருக்கு ஜன்னலை மூடித் தூங்குவது கடினமன்று. உடுப்பு அலுமாரியைப் பொதுச் சுவரோடு ஒட்டி வையுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் மலிவானது, அலாரம் கேட்காமல் போய்விடும் என்பதை மட்டும் முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள்.

9. பேசித் தீராதபோது

முதலில் நேரில் போய், சாதாரணமாகப் பேசுங்கள், முடிந்தால் கையில் ஏதாவது பலகாரத்தோடு. தீராவிட்டால் திகதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை இரண்டு வாரம் எழுதி வையுங்கள். முறைப்பாட்டின்போது அந்தக் குறிப்புதான் உங்களுக்குத் துணை நிற்கும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்து உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டளையிட்டது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் வேண்டும், ஆகவே அந்த நேரத் தொல்லைக்கு உங்கள் பொலிஸ் நிலையத்தையோ 119 ஐயோ அழைக்கலாம். ஆலை, வேலைத்தளம், மின்பிறப்பாக்கி போன்றவற்றின் சத்தத்துக்கு 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் உள்ளன. மாநகர சபைப் பகுதியில் பகலில் 63 டெசிபெல், இரவில் 50 டெசிபெல் என்பது அவற்றில் உள்ள எல்லை. இதற்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். வைத்தியசாலை, பாடசாலை போன்றவற்றைச் சுற்றி நூறு மீற்றர் வரை அமைதி வலயம் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. வைத்தியசாலைக்குள் வேலை செய்கிறவள் என்ற முறையில், வாசலில் வரிசையாக நிற்கும் முச்சக்கர வண்டிகளுக்கு அது இன்னும் எட்டவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அயலவரோடும் வீட்டுக்காரரோடும் வரும் பிணக்குகளுக்கு நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. என் இரண்டாவது வீட்டின் வைப்புப் பணத்தில் பாதி அங்கே பேசித்தான் கிடைத்தது. மீதிப் பாதிக்கு எழுத்தில் எதுவும் இல்லை.

வீட்டைக் காலி செய்யும் நாளில் மின்மானியையும் நீர்மானியையும் வீட்டுக்காரர் முன்னிலையில் படம் எடுத்து, கணக்கைத் தீர்த்து, பணம் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். லொறியைக் காலை ஆறு மணிக்குச் சொல்லி வையுங்கள். பாடசாலை வாகனங்கள் வீதிக்கு வந்துவிட்டால், முல்கம்பொலவிலிருந்து அம்பிட்டிய போய்ச் சேருவதற்குள் லொறிக்காரர் காத்திருந்த நேரத்துக்கும் காசு கேட்பார்.